மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

14,75,73,95,25,89,67,64,12,927.

பயப்படாதீர்கள், எந்த ஊழலின் தொகையும் இல்லை. இருபத்தோரு இலக்கம். வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. இந்த ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் இந்த வாரம்.

சதுரங்கப் பலகைக் கதை தெரியுமல்லவா? முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போய், அறுபத்து நாலு கட்டம் முடிவதற்குள் ராஜாவின் களஞ்சியம் காலியாகிற கதை. அந்தப் பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டம் கூடுதலாக இருந்திருந்தால், 67 கட்டத்திலும் சேர்த்து விழுந்திருக்கும் அரிசியின் மொத்தக் கணக்குதான் மேலே இருப்பது. சுருக்கமாக எழுதினால் 2⁶⁷ − 1. அதாவது, 2-ஐ அறுபத்தேழு தடவை போட்டுப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

இந்த எண்ணைப் பற்றி 1644-ல் ஒரு பாதிரியார் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அது தப்பு என்று கண்டுபிடிக்க 232 வருஷம் ஆயிற்று. எப்படித் தப்பு என்று காட்ட அதற்கு மேலும் 27 வருஷம்.

பாதிரியார் பெயர் மாரின் மெர்சென். ஊர் பாரிஸ். மினிம் என்கிற கடுமையான சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையில் மாமிசம், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. மெர்சென்னுக்கு இருந்த ஒரே போதை கடிதம். விஞ்ஞானப் பத்திரிகை என்று ஒன்று பிறப்பதற்கு முந்தைய காலம் அது. டெகார்த், ஃபெர்மா என்று ஐரோப்பாவின் மூளைக்காரர்களெல்லாம் இவருக்கு எழுதுவார்கள். இவர் அதை அடுத்தவருக்கு எழுதுவார். பாரிஸில் அவருடைய அறைதான் அன்றைய விஞ்ஞானத்தின் தலைமைத் தபால் நிலையம்.

மெர்சென்னுக்குப் பகா எண்கள் மேல் ஆசை. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். 7 பகா எண், 15 கிடையாது, மூவைந்து பதினைந்து. இது ஆறாம் வகுப்பில் படித்ததுதான். அவர் குறிப்பாகத் தேடியது, இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருகிற பகா எண்களை. 2³ − 1 என்பது 7, பகா எண். 2⁵ − 1 என்பது 31, அதுவும் பகா எண். இவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. இப்படி ஒரு பகா எண் கிடைத்தால் அதிலிருந்து ஒரு 'நிறைவெண்' செய்யலாம் என்று யூக்ளிட் சொல்லிவைத்திருக்கிறார். 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் அதே 6. 28-க்கும் அப்படியே: 1, 2, 4, 7, 14. இந்த மாதிரி அபூர்வப் பிறவிகள்தான் நிறைவெண்கள். உபயோகம் என்ன என்று கேட்காதீர்கள்; கோலம் போடுவதில் என்ன உபயோகம்?

மேலே இருக்கும் அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால், விடையும் பகா எண்ணாக இருக்காது. இது நிச்சயம். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதுமா என்றால், போதாது. 11 பகா எண்தான். 2¹¹ − 1 போட்டால் 2047 வருகிறது. அது 23 × 89. காலை வாரிவிட்டது! எந்தப் பகா அடுக்கு நல்லது, எது ஏமாற்றும் என்பதற்குச் சுலபமான அடையாளம் எதுவும் இல்லை.

மெர்சென் 1644-ல் தன் புத்தகத்தில் பட்டியலாகவே போட்டுவிட்டார். 257 வரைக்கும் உள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவைதான் பகா எண்ணைத் தரும், மற்றதெல்லாம் தராது என்று. எப்படிக் கண்டுபிடித்தார்? சொல்லவில்லை. பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று பார்க்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் எப்படி இந்த 67?

அவர் காலத்து வழியில் பார்த்தால் எவ்வளவு நேரமாகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். நம் 21 இலக்க எண் பகா எண் என்று உறுதி செய்ய, அதன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது சுமார் 1,214 கோடி வரைக்கும், வகுத்துப் பார்க்க வேண்டும். விநாடிக்கு ஒரு வகுத்தல், சாப்பாடு தூக்கம் கிடையாது என்று வைத்துக்கொண்டால் 385 வருஷம். 1644-ல் ஆரம்பித்திருந்தால் பாதிரியார் 2029-ல் எழுந்து கை கழுவலாம்.

ஆனாலும் மெர்சென் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உலகம் விட்டுவிட்டது. ஆய்லர் 1772-ல் 31-ஐச் சரிபார்த்தார், பாஸ். அதற்கு மேல் ஏறுவதற்கு யாருக்கும் தெம்பில்லை.

நூறு வருஷம் கழித்து வந்தார் எட்வார்ட் லூகாஸ். பிரெஞ்சுக்காரர், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மூன்று கம்பு, அதில் சின்னதும் பெரிதுமாகத் தட்டுகள், பெரியதைச் சின்னதன் மேல் வைக்காமல் இடம் மாற்ற வேண்டும் என்று ஒரு விளையாட்டு உண்டே, 'ஹனாய் கோபுரம்'. அதை 1883-ல் வெளியிட்டவர் இவர்தான். காசியில் ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகளை வைத்துப் பிராமணர்கள் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு கதையும் அந்தப் பொம்மையோடு சேர்ந்து ஐரோப்பாவில் விற்பனையாயிற்று. காசிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

லூகாஸ் செய்த நிஜமான மாயம் வேறு. ஒரு எண்ணை வகுத்தே பார்க்காமல் அது பகா எண்ணா என்று சொல்ல வழி கண்டுபிடித்தார். பிற்பாடு லெமர் என்கிற அமெரிக்கர் அதை எளிமையாக்கினார். அந்த எளிய வடிவம் இது: 4-ல் ஆரம்பியுங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், 14. மறுபடி வர்க்கம், இரண்டைக் கழி, 194. மறுபடி, 37634. இப்போது 2⁵ − 1 ஆகிய 31-ஆல் இதை வகுத்துப் பாருங்கள். 1214, மீதி பூஜ்யம். ஆகவே 31 பகா எண்! அடுக்கு 5 என்றால் மூன்று தடவை இதைச் செய்ய வேண்டும். அடுக்கு 67 என்றால் 65 தடவை. எண் ரொம்பப் பெருக்காமல் இருக்க, ஒவ்வொரு தடவையும் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 385 வருஷ வேலை 65 பெருக்கல்களாகச் சுருங்கிவிட்டது.

இந்த வகை முறையை வைத்துக்கொண்டு 1876-ல் லூகாஸ் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, 2¹²⁷ − 1 பகா எண்தான், 39 இலக்கம், மெர்சென் சொன்னது சரி. இரண்டு, 2⁶⁷ − 1 பகா எண்ணே அல்ல. மெர்சென் சொன்னது தப்பு.

சரி, பகா எண் இல்லையென்றால் எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் அது வருகிறது?

லூகாஸுக்குத் தெரியாது! அவர் முறை அதைச் சொல்லாது. வீட்டுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று நாய் குரைத்துச் சொல்லிவிட்டது. எந்த அறை, எந்தக் கட்டிலுக்கடியில் என்று நாய்க்குச் சொல்லத் தெரியாது. இருக்கிறது என்று நிரூபித்தாயிற்று, கையில் கிடைக்கவில்லை. கணக்கு தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். தெரிந்தவர்களுக்கு இன்னும் விசித்திரமாகப் படும்.

1883-ல் ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார் ஒருவர், பெர்வூஷின் என்று பெயர், மெர்சென் பட்டியலில் இல்லாத 61 பகா எண்ணைத் தருகிறது என்று காட்டினார். உடனே சிலர், "பார்த்தீர்களா, மெர்சென் 61 என்றுதான் எழுதியிருப்பார், அச்சுக் கோப்பவர் 67 ஆக்கிவிட்டார்" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 89, 107 இரண்டும் பட்டியலில் விட்டுப்போயிருக்கின்றன, 257 தப்பாக உள்ளே வந்திருக்கிறது. எல்லாவற்றையும் பாவம் அச்சுக் கோப்பவர் தலையில் கட்ட முடியுமா?

இனி நியூயார்க். ஃபிராங்க் நெல்சன் கோல், 1861-ல் பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கூடவே அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலாளர், அதன் பத்திரிகைக்கு ஆசிரியர். வாரத்தில் ஆறு நாளும் பாடம், கடிதம், மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளுக்குப் புரூஃப். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. அதை இந்த ஒரு எண்ணுக்குக் கொடுத்தார்.

அந்த ஞாயிறுகளில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி. மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 134-ன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அது ஃபெர்மா காலத்திலிருந்தே தெரியும். 2047-ன் காரணிகளைப் பாருங்கள்: 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1, இரண்டும் 22-ன் மடங்கோடு ஒன்று. அதே சூத்திரம்தான், அடுக்கைப் போல் இரு மடங்கு. எட்டால் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோதான் வர வேண்டும் என்று இன்னொரு விதி. அதில் பாதி பேர் கழன்றுவிடுவார்கள். அப்படிக் கழித்தும், சின்னக் காரணியை எட்டுவதற்கு 7,22,790 எண்களைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம், ஞாயிறுக்குப் பத்து மணி நேரம் என்றால் நூற்றுப் பதினைந்து வருஷம்! மூன்று, ஐந்து, ஏழு மடங்குகளையெல்லாம் தூக்கியெறிந்தால் கணிசமாகக் குறையும். குறைந்தாலும் ஒருத்தர் ஆயுளில் பெரிய துண்டைச் சாப்பிட்டுவிடும்.

கோல் வேறு பாதையில் போனார். 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 3 × 7. மூன்றுக்கும் ஏழுக்கும் நட்டநடுவில் 5 இருக்கிறது, ஐந்திலிருந்து இரண்டு பேரும் இரண்டிரண்டு எட்டு தள்ளி நிற்கிறார்கள். 5 × 5-லிருந்து 2 × 2-ஐக் கழித்தால் 21. எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் இது பொருந்தும். ஆக, காரணிகளைத் தேடுவதற்குப் பதிலாக, அந்த நடு எண்ணைத் தேடலாம். தேடிப் பிடித்து, அதன் வர்க்கத்திலிருந்து நம் 21 இலக்க எண்ணைக் கழித்தால், மிச்சம் இன்னொரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும். இருந்தால் ஆள் மாட்டினான்.

இதிலும் ஒவ்வொன்றாகப் போனால் விடியாது. 1,214 கோடியில் ஆரம்பிக்க வேண்டும், நடு எண் இருப்பதோ 38,101 கோடிக்குப் பக்கத்தில். நடு எண் எந்த எண்ணால் வகுத்தால் என்ன மீதி தரும் என்கிற துப்புகளைக் கோல் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 5, 7, 8, 13, 81 பற்றிய துப்புகள், 67-ன் வர்க்கத்தைப் பற்றிய துப்பு. எல்லாவற்றையும் பெருக்கிச் சேர்த்தபோது ஒரே விதி கிடைத்தது: நடு எண்ணை 132,35,36,760-ஆல் வகுத்தால் மீதி 116,09,32,384 வர வேண்டும். இப்போது ஒரே தாவலில் 132 கோடி தாண்டலாம். முதல் சில தாவல்கள் வர்க்கமூலத்துக்குக் கீழே இருப்பதால் வேண்டாம். மீதி முன்னூறுக்குக் கீழே.

287-ஆவது மடங்கில் நடு எண் அகப்பட்டது: 381015982504. இரண்டு காரணிகளும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 380822274783 தள்ளி நின்றுகொண்டிருந்தன.

1903 அக்டோபர் 31. சங்கத்தின் கூட்டம். கோல் வாசிக்க வேண்டிய கட்டுரை, பெரிய எண்களின் காரணிகளைக் காண்பது பற்றி. எழுந்து கரும்பலகைக்குப் போனார். வாய் திறக்கவில்லை. இரண்டை இரட்டிக்க ஆரம்பித்தார். 67-ஆவது அடுக்கு வரை போட்டார், ஒன்றைக் கழித்தார். பலகையின் காலி இடத்துக்கு நகர்ந்து 193707721 என்று எழுதினார், அதன் கீழே 761838257287 என்று எழுதினார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்கிக் கூட்டினார். கடைசி வரி, முதலில் எழுதிய எண்ணே. சாக்பீஸை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் அமைதி, அப்புறம் அரங்கமே கை தட்டியதாம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தட்டியதா'ம்'. ஏனென்றால் இதைச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். கணக்கு மேதைகளைப் பற்றி விறுவிறுப்பாக எழுதுவதில் மன்னன். உப்பு காரம் கொஞ்சம் தூக்கலாகப் போடுவதிலும். 1951-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதுகிறார். 1903-ல் அவர் அந்த அறையில் இல்லை, கண்டத்தின் மறு கோடியில் கலிஃபோர்னியாவில் மாணவர். பிற்பாடு கொலம்பியாவில் படித்தபோது, 1911-ல், எவ்வளவு நாள் ஆயிற்று என்று கோலையே கேட்டதாகவும், மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் பதில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். கைதட்டலுக்கு வேறு சாட்சி தேடினால் கஷ்டம். கூட்டத்தைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டிய செயலாளரே கோல்தான். தனக்கு விழுந்த கைதட்டலைத் தானே எழுதிவைக்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்? கைதட்டலைப் பெல்லின் கணக்கிலேயே வைத்துவிடுகிறேன். பெருக்கலுக்குச் சாட்சி தேவையில்லை. அந்த வருஷம் டிசம்பர் இதழில் நாலு பக்கக் கட்டுரையாகவே வந்துவிட்டது, யாரும் போட்டுப் பார்க்கலாம்.

கண்டுபிடிக்க மூன்று வருஷத்து ஞாயிறு, அதாவது நூற்றைம்பத்தாறு. சரிபார்க்க ஒரு கரும்பலகை, கொஞ்சம் சாக்பீஸ். இந்த ஏற்றத்தாழ்வைக் காசாக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவருக்குத் தோன்றியது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், விடையை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் கஷ்டம் என்பதையே பூட்டாக்கினார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ. முறை, வங்கி அட்டையின் சில்லிலிருந்து இணையதளங்களின் சான்றிதழ் வரை புகுந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னரின் பத்தியில் ஒரு 129 இலக்க எண்ணைப் போட்டு, உடைத்தால் நூறு டாலர் என்று சவால் விட்டார்கள். கோடானுகோடி வருஷமாகும் என்று மதிப்பீடும் போட்டார்கள். 1994-ல் சுமார் அறுநூறு தன்னார்வலர்கள் ஈமெயில் மூலம் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு உடைத்துவிட்டார்கள். நிபுணர்களின் மதிப்பீடும் மெர்சென்னின் பட்டியலும் சில சமயம் ஒரே ஜாதி. 2020-ல் 250 இலக்கம் உடைந்தது. அதனால் பூட்டுகளுக்கு இப்போது அறுநூறு இலக்கத்துக்கு மேல் போடுகிறார்கள்.

லூகாஸின் நாய் மட்டும் மாறவில்லை. 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும், எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா இல்லையா என்று நியாயமான நேரத்தில், ஊகமோ அதிர்ஷ்டமோ இல்லாமல் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உலகமே பாராட்டியது. அவர்கள் முறையும் 'இல்லை' என்று சொன்னால் அதோடு சரி. காரணியைச் சொல்லாது. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வங்கிகள் ஷட்டரை இறக்கியிருக்கும்.

மெர்சென் பட்டியலை முழுக்கத் திருத்தி முடிக்க 1947 வரை ஆயிற்று. மொத்தம் ஐந்து தப்பு. ஆனாலும் அந்த வகைப் பகா எண்களுக்கு அவர் பெயர்தான். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண்ணுக்கு நாலு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கம். அதைச் சோதித்ததும் லூகாஸ் பரம்பரை முறைகளால்தான். நம் 67-ஐ இன்றைக்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் உடைத்துவிடும்.

கோல் 1920-ல் ஓய்வு பெற்றபோது, இருபத்தைந்து வருஷச் செயலாளர் வேலைக்கு நன்றியாகச் சங்கத்துக்காரர்கள் ஒரு தொகை கொடுத்தார்கள். அதைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் ஆரம்பித்ததுதான் கோல் பரிசு. 1926-ல் அவர் காலமானார். முதல் பரிசு 1928-ல். எண் கணிதத்துக்கான கோல் பரிசை 2008-ல் வாங்கியவர் மஞ்சுள் பார்கவா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலை எதுவும் இல்லையென்றால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்க வேண்டும். சாதாரண கால்குலேட்டர் வேண்டாம், கடைசி இலக்கங்களை முழுங்கிவிடும். ஓரேழு ஏழு, கடைசி இலக்கம் சரியாக இருக்கிறது. இன்னும் இருபது பாக்கி.